ஆறு அறைச் சாமான், இரண்டு அறை வீடு

வட்டுக்கோட்டையில் ஆறு அறை நாற்சார் வீட்டை விட்டு, கொக்குவிலில் இரண்டு அறையும் ஒரு குசினியுமான வீட்டுக்கு நானும் மனைவியும் வந்து நாலு வருசமாகிறது. பிள்ளைகள் மூவரும் கனடாவிலும் லண்டனிலும். கூரைக்கு ஓடு மாற்ற ஆள் தேடி அலைய எங்களால் இனி ஏலாது. இப்போது அறுபதைத் தொட்ட தம்பி தங்கச்சிமார் வந்து, "அண்ணை, நாங்களும் சின்ன வீட்டுக்குப் போகப்போறம், சாமானெல்லாம் எப்பிடி அடக்கினீங்கள்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் நோகிறது. எழுதிவிடுகிறேன்.

1. முதலில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போங்கள். அறையை அளப்பதற்கு முன் கதவு நிலையை அளந்துகொள்ளுங்கள். எங்கள் தேக்கு அலுமாரி வாசலால் நுழையாமல் ஒரு கிழமை விறாந்தையில் நின்றது. கடைசியில் தச்சரைக் கூப்பிட்டுக் கழற்றிப் பூட்டினோம். அதற்குக் கொடுத்த கூலியில் புதிதாக ஒரு சின்ன அலுமாரியே வாங்கியிருக்கலாம்.

2. சாமானை மூன்றாகப் பிரியுங்கள். இதற்கு வெளியூர் முறை ஒன்றும் தேவையில்லை. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த எங்கள் தேசவழமைச் சட்டத்திலேயே இருக்கிறது. முதுசொம், சீதனம், தேடியதேட்டம். காணிக்குச் சொன்னதுதான், ஆனால் பெட்டகத்துக்கும் பொருந்துகிறது. அப்பா வழியில் வந்த சாய்மனைக் கதிரை முதுசொம். மனைவி கொண்டுவந்த குத்துவிளக்கும் செம்பும் சீதனம். நாங்கள் இருவரும் உழைத்து வாங்கியது தேடியதேட்டம். தேடியதேட்டத்தில் கை வையுங்கள், அதைக் கழிப்பது சுகம். ஏழு கதிரை, மூன்று மின்விசிறி, இரண்டு தொலைக்காட்சி எங்களிடம் அப்படித்தான் போயின. சீதனத்தில் முடிவு மனைவியுடையது, நீங்கள் வாய் திறக்க வேண்டாம். முதுசொத்தை விற்பதென்றால் முதலில் கூடப்பிறந்தவர்களிடம் கேளுங்கள். பங்குக் காணியை விற்கும்போது மற்றப் பங்காளருக்கு முதல் உரிமை இருக்கிறதல்லவா, அதே நியாயம்தான். நான் கேட்காமல் அம்மாவின் மூக்குப்பேணியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். பிரான்ஸிலிருக்கும் அக்கா ஆறு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

3. இனி, போத்தல் விசயம். எங்கள் வயதுக்காரர் வீட்டில் எல்லாம் ஒரு அறை இருக்கும்: கழுவிக் கவிழ்த்த ஜாம்போத்தல், பால்மா ரின், மடித்த ஷொப்பிங் பை, சுற்றிய சணல் கயிறு. பிள்ளைகள் லீவுக்கு வந்து பார்த்தால் சிரிப்பார்கள். அவர்கள் மறந்துவிட்டார்கள். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம்போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனைய மட்டும் எண்ணெய் விட்டு, திரியைப் போத்தலுக்குள்ளேயே எரியவிட்டு, அந்த வெளிச்சத்தில்தான் என் மூத்தவள் சோதனைக்குப் படித்தாள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். அந்தக் காலத்தில் எறிந்த போத்தலை அடுத்த நாள் தேடவேண்டி வந்தது. அதனால் கை எறிய மறுக்கிறது; வெட்கப்படத் தேவையில்லை. நான் எண்ணிப் பார்த்தேன், 143 போத்தல். பழைய இரும்பு, போத்தல் எடுக்கிறவரிடம் 142ஐக் கொடுத்தேன். ஒன்று இப்போதும் யன்னல் கட்டில் இருக்கிறது. மனைவி அதற்குள் கறிவேப்பிலைக் கொப்பு குத்தி வைத்திருக்கிறாள்.

4. உறுதிகள், பிறப்புப் பதிவு, விவாகப் பதிவு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே பையில், படுக்கிற அறையில், கை எட்டுமிடத்தில் இருக்கட்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், செம்மணி வெளியால் நாவற்குழிப் பக்கம் இடம்பெயர்ந்த சனம் அசைய இடமில்லாமல் நகர்ந்தபோது என் சைக்கிள் கரியரில் அந்தப் பைதான் இருந்தது. அடுத்த வருசம் சித்திரையில் திரும்பி வந்தால் வீட்டில் கதவு, யன்னல்கூட இல்லை, ஆனால் காணி எங்களுடையது என்று காட்ட உறுதி இருந்தது. படியொன்றைப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மற்றக் கடுதாசிகள், இருபது வருசத்து லைற் பில், தண்ணி வரி எல்லாம் அடுப்புக்கு.

5. பட்டுச் சீலையைப் பிளாஸ்ரிக் பையில் போடாதீர்கள், வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தோய்த்து உலர்ந்த பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். சரிகையில் பூச்சி உருண்டை படக்கூடாது, கறுத்துவிடும். மடிப்பை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடிப்பிலேயே நூல் இற்றுப்போகும். கூறைச்சீலை ஒன்று போதும். மற்றதை உடுக்கிற வயதுப் பெண்களுக்குக் கொடுங்கள்.

6. புத்தகமும் படங்களும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் ஒரே இரவில் எரிந்தன. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் அச்சடித்த தாள் எதையும் எறியப் பயப்படுகிறார்கள், நானும் அப்படித்தான். ஆனால் பரணில் வைத்துச் செல்லுக்குத் தின்னக் கொடுப்பதும் எரிப்பதுபோலத்தான். ஊர்ப் பள்ளிக்கூட மலர், கோயில் கும்பாபிஷேக மலர், கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவு மலர், அப்பாவின் நாட்குறிப்பு, இவைதான் வேறெங்கும் கிடைக்காதவை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இப்படிப்பட்டவற்றைப் படியெடுத்து இணையத்தில் வைக்கிறது, அவர்களோடு கதையுங்கள். கதைப் புத்தகங்களைச் சனசமூக நிலையத்துக்குக் கொடுக்கலாம். கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படத்தை உரிக்கவே வேண்டாம், கண்ணாடியோடே படம் பிடியுங்கள்.

7. வெளிநாட்டுப் பிள்ளைகளின் அறைக்கு ஒரு தவணை சொல்லுங்கள். "தைப்பொங்கலுக்குள் சொல்லாவிட்டால் கொடுத்துவிடுவன்." சொன்னால் செய்யவும் வேண்டும்.

8. பித்தளையும் வெண்கலமும் ஆசைப் பண்டங்கள். 95இல் நாங்கள் இரண்டு சாக்கில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போனோம், திரும்பி வந்து எடுத்தோம். அப்படிப்பட்ட கிடாரத்தை எப்படி விடுவது? ஆனால் இருநூறு பேருக்குச் சோறு வடிக்கும் கிடாரத்தை இரண்டு பேர் இருக்கும் வீட்டில் கட்டிலுக்குக் கீழேதான் வைக்கலாம். கோயில் மடத்துக்குக் கொடுத்தேன். அன்னதானத்தில் அதைக் காணும்போது மனைவி யாருக்காவது "அது எங்கட" என்று சொல்லாமல் விடுவதில்லை. பழம்பொருள் வாங்க வருகிறவர்களிடம் கவனம்: பெட்டகத்துக்கு முதல் நாள் சொன்ன விலையின் மூன்று மடங்கை நான் மூன்றாம் நாள் வாங்கினேன். உரலும் அம்மியும் பழைய வீட்டு முற்றத்திலேயே கிடக்கட்டும்.

9. வைக்கிற சாமான் நிலத்தில் முட்டக்கூடாது, சுவரிலும் முட்டக்கூடாது. றங்குப்பெட்டிக்குக் கீழே நாலு செங்கல், சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. கறையான் மண்பாதை போட்டால் உடனே கண்ணில் படும். மாரி முடிந்து தை வெயில் வந்ததும் எல்லாப் பெட்டியையும் திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டி திறக்கவே வேண்டாம்.

10. பட்டா வாகனம் வரும் நாளில் முதல் ஏறவேண்டியது ஒரு கடகம்: சாமிப் படம், குத்துவிளக்கு, உப்பு, அரிசி, மஞ்சள், பால் காய்ச்சச் சட்டி. நாங்கள் அவ்வளவும் ஒழுங்காகக் கொண்டுபோனோம். நல்ல நேரத்துக்கு அடுப்பில் பாலை வைத்தபிறகுதான் நெருப்புப்பெட்டி இல்லையென்று கண்டோம். பக்கத்து வீட்டுப் பெட்டை மதிலுக்கு மேலால் நீட்டினாள்.