கொண்டை ஊசி வளைவில் முனகும் ஸ்டீயரிங்

என் பழைய டீசல் ஜீப்பில் கொல்லிமலை ஏறும்போது, பாதி வளைவு தாண்டியதும் பவர் ஸ்டீயரிங் முனகுகிறது. ஆயில் டப்பாவைத் தொட முடியவில்லை. தனியாக கூலர் மாட்டினால் சரியாகுமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

மாட்டலாம். ஆனால் செலவில்லாத வைத்தியம் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் இன்ஜின் பெல்ட்டில் சுழலும் பம்ப்தான் ஆயிலை அழுத்தித் தள்ளுகிறது. ஸ்டீயரிங்கை முட்டும்வரை ஒடித்து அப்படியே பிடித்தால் ஆயில் போக வழியில்லை. அழுத்தம் உச்சத்துக்கு ஏறி, ரிலீஃப் வால்வு திறந்து, அதே ஆயில் பம்புக்குள்ளேயே சுற்றுகிறது. இன்ஜின் தரும் சக்தி சக்கரத்தைத் திருப்பாமல் வெறும் சூடாக மாறுகிறது. நீங்கள் கேட்கும் முனகல் பெரும்பாலும் இதுதான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் சில விநாடி இப்படிப் பிடித்தால் ஆயில் ஆறவே நேரமிருக்காது. 'வளைவு குறுகல், முழுக்க ஒடிக்காமல் எப்படி?' என்பீர்கள். ஒடியுங்கள், தவறில்லை. முட்டியதும் ஒரு விரற்கடை தளர்த்துங்கள், போதும். வண்டி நின்ற நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், மெல்ல உருளவிட்டுத் திருப்புங்கள்.

இன்ஜின் சூடு முள் சரியாக இருப்பதை வைத்து ஏமாற வேண்டாம். அது ரேடியேட்டர் தண்ணீரின் கணக்கு, ஸ்டீயரிங் ஆயிலுக்கு அதில் பங்கில்லை. ஆயில் கறுத்து, கருகிய வாடை அடித்தால் முழுவதும் வடித்துவிட்டு, உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்ட ரகத்தையே ஊற்றுங்கள். இதற்குப் பிறகும் கொதித்தால் கூலர் மாட்டுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால், காற்று படும் இடத்தில், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் குழாயில் மட்டும். அழுத்தக் குழாயில் மாட்டினால் கூலர் வெடித்துவிடும்.