ஆன்லைன் கோர்ஸ் பொறுப்பேற்கும் இளம் ஆசிரியர்களுக்கு

சங்கரன்கோவில் வட்டாரக் கல்லூரிகளில், ‘ஸ்வயம், என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாட வேலையை இனி நீங்கள் பாருங்கள்’ என்று ஆணை வாங்கியிருக்கும் தம்பி தங்கைமாருக்கு, இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவன் எழுதுவது.

1. சேர்ந்தவர் கணக்கோடு முடித்தவர் கணக்கையும் எழுதி வையுங்கள். நிர்வாகம் முதலாவதைத்தான் கேட்கும். நீங்கள் இரண்டையும் கொடுங்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் பாடங்களைப் பற்றி 2019-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம். அங்கேயே அப்படியென்றால், கேட்க ஆளில்லாத நம் பிள்ளைகள் இரண்டாம் வாரத்தில் நின்றுபோவதில் வியப்பில்லை. அந்தக் கேட்கும் ஆள் நீங்கள்தான்.

2. விதியைப் படித்துவிட்டு வகுப்பில் பேசுங்கள். ஒரு பருவத்தில் 20 சதவீதப் பாடங்கள் வரை ஸ்வயத்தில் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2016-ல் சொன்னது; 2021-ல் அது 40 சதவீதமானது. ஆனால் எந்தப் பாடம் எந்தத் தாளுக்கு மாற்று, எத்தனை கிரெடிட் என்பதை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். பருவம் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். முடித்த பிறகு போய் நின்றால் பிள்ளையின் உழைப்பு வீணாகும்.

3. பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. முதலாவது இலவசம், இரண்டாவதற்குத் தனியாகக் கட்டணம், தனியாகக் கடைசித் தேதி. வீடியோ எல்லாம் பார்த்து, அசைன்மென்ட் எல்லாம் எழுதிவிட்டு, தேர்வுக்குப் பதியாமல் விட்டவர்கள் ஒவ்வொரு பருவமும் இருப்பார்கள். எல்லோரையும் ஒரே நாளில் கணினி ஆய்வகத்துக்கு அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பதிய வையுங்கள். பெயரும் இனிஷியலும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கட்டும். தட்டச்சு செய்த பெயர்தான் சான்றிதழில் வரும். கட்டணம் கட்ட முடியாத பிள்ளை தானாக வந்து சொல்லாது. தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

4. ‘வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். கொரோனா காலத்தில், 2021 ஜனவரியில், கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜி.பி. இலவச டேட்டாவை அரசு அறிவித்தது. நல்ல உதவிதான். ஆனால் இந்த ஊரில் டேட்டா இருந்தாலும் பாடம் காதில் விழ வேண்டுமே! முன்னறையில் விசைத்தறி ஓடும் ஒரு மாணவியின் வீட்டை நினைத்துப் பாருங்கள். போன் அண்ணனுடையது, அவர் வேலை முடிந்து வர இரவு ஒன்பதாகும். அதற்குள் அந்தப் பெண் தார் சுற்றி, சமையலுக்குக் கைகொடுத்து, தம்பிக்குச் சோறு போட்டிருப்பாள். போன் கைக்கு வந்ததும் சுவரோரம் உட்கார்ந்து ஒலியை முழுக்கக் கூட்டுவாள். தறிச் சத்தத்தில் பேராசிரியரின் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவளுக்குத் தேவை கால அட்டவணையிலேயே ஒதுக்கிய இரண்டு மணி நேரமும், ஓர் அமைதியான அறையும், ஒரு ஹெட்போனும்.

5. ஆங்கிலத்துக்குப் பயந்து நிற்பவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். என்.பி.டி.இ.எல். பல பாடங்களுக்குத் தமிழ் எழுத்து வடிவமும் வைத்திருக்கிறது. அச்செடுத்துக் கொடுங்கள். வீடியோவை அரை மணி ஓட்டி நிறுத்தி, நீங்களே தமிழில் விளக்குங்கள்.

6. ஆடித்தபசுத் திருவிழாவைக் கணக்கில் வையுங்கள். ஜூலைப் பருவத்தின் தொடக்க வாரங்கள் பெரும்பாலும் அதையொட்டியே வரும். கோமதி அம்மன் கொடியேறிவிட்டால் ஊரே கோவில் வாசலில்தான், அது தப்புமில்லை. அந்த நாட்களில் ஓர் அசைன்மென்ட் தவறினால், என்.பி.டி.இ.எல். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளை மட்டுமே எடுப்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். ஒன்று தவறியதற்காகப் பாடத்தையே கைவிடும் பிள்ளைகள் உண்டு. மொத்த மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75.

7. தேர்வு நேரில் என்பதை மறக்காதீர்கள். மையம் திருநெல்வேலியில் கிடைத்தால் காலை 9 மணித் தேர்வுக்கு விடியுமுன் பஸ் ஏற வேண்டும். பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப வீட்டார் தயங்குவார்கள். ஹால் டிக்கெட், புகைப்பட அடையாள அட்டையின் அசல் இரண்டையும் முந்தின நாளே சரிபார்த்து, எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிப் போங்கள்.

8. முழுப் பட்டத்தையே ஆன்லைனில் படிக்கலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். படிக்கலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல் அறிவித்த டேட்டா சயன்ஸ் பட்டம் நம் பிள்ளைகளுக்கும் எட்டக்கூடியது; வருமானம் குறைந்த வீட்டாருக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம் வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் அறிவித்திருக்கிறது. ஆனால் பஸ் ஸ்டாண்ட் மாடியில் பலகை மாட்டி, ‘ஆன்லைன் நர்சிங், ஆன்லைன் சட்டம்’ என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். அந்தப் படிப்புகளை ஆன்லைனில் நடத்த அனுமதியே இல்லை. ஏஜென்சி வைத்துப் பட்டம் நடத்தவும் கூடாது. யு.ஜி.சி. பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் அந்த ஆண்டுக்கு இருக்கின்றனவா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த பருவத்தின் கால அட்டவணை தயாராவதற்கு முன் முதல்வரைப் போய்ப் பாருங்கள். வாரம் இரண்டு மணி நேரம் ஆய்வகம், தேர்வன்று கல்லூரி வண்டி. இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.