வயர் முடியும் இடத்தில் வைஃபை

தருமபுரியிலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் கேபிள் டிவி இழுத்த கைகள் பலவும் இப்போது இன்டர்நெட் இழுக்கின்றன. இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு, ஏற்கெனவே லேன் வயர் ஓடும் வீட்டில் வைஃபை சேர்ப்பது பற்றிச் சில வார்த்தைகள்.

1. பையைத் திறக்குமுன் வீட்டைச் சுற்றி வா. நம் பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. பழைய கல்கட்டுச் சுவரை 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலே திணறித்தான் தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸை அங்கே நம்பவே நம்பாதே. தகரக் கொட்டகை, இரும்பு பீரோ, நிறைந்த தண்ணீர் டேங்க் மூன்றும் சிக்னலுக்குப் பகை. பெட்டி வைக்க வீட்டுக்காரர் காட்டுவது டிவி மூலையை. சாயங்காலம் போனோடு உட்காருவது திண்ணையில். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்.

2. வயர் போகும் தூரம்வரை வயரையே கொண்டு போ. கடைசிப் பத்தடியைக் காற்றிடம் விடு. விலை மலிவான ரிப்பீட்டர், தான் கேட்டதை அதே அலைவரிசையில் திரும்பச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வயர் ஓடும் வீட்டில் அது எதற்கு? லேன் வயர் 100 மீட்டர் வரை தாங்கும், கேட் 5இ போதும். வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கிரிம்ப் செய்த இடத்தில் ஒடியும். கடைக்காரரிடமே திருப்பிக் கொடு.

3. பெரும்பாலான கோளாறு இங்கேதான் பிறக்கிறது, நிதானமாகப் படி. பரணில் கிடக்கும் பழைய ரூட்டரே இரண்டாவது பெட்டியாக உழைக்கும். முதலில் அதை உன் லேப்டாப்போடு மட்டும் இணை. வீட்டின் முதல் பெட்டியான பைபர் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடு, முதல் பெட்டி மற்ற கருவிகளுக்குப் பங்கிடும் எண்களில் அது வராதபடி பார்த்துக்கொள். அடுத்து இதன் டிஎச்சிபியை, அதாவது எண் பங்கிடும் வேலையை, அணை. அணைக்காமல் விட்டால், ஒரே மனைக்கு இரண்டு பேர் பட்டா எழுதிக் கொடுத்த கதைதான்: ஒரு போனில் நெட் வரும், பக்கத்துப் போனில் வராது, நாளைக்கு மாறி வரும். கடைசியாக லேன் துளையிலிருந்து லேன் துளைக்கு வயரைச் செருகு. இந்த மாற்றம் எதுவும் செய்யாமல் வான் துளையில் செருகினாலும் நெட் வரும்தான். ஆனால் முன்னறைப் பிரின்டர் பின்னறைப் போனின் கண்ணில் படாது. அக்சஸ் பாயிண்ட் மோடு என்று பெட்டியிலேயே இருந்தால் இத்தனை வேலையும் மிச்சம்.

4. இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. சேனல் மட்டும் வேறு. 2.4இல் 1, 6, 11 மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை. 2005இல் இந்த அலைவரிசைக்கு அரசு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆக்கியதிலிருந்து எல்லோரும் அதில்தான் நெருக்குகிறோம். நேதாஜி பைபாஸ் ரோட்டு மாடி வீட்டில் போனில் அலசிப் பார்த்துச் சேனலைத் தேர்ந்தெடு. வத்தல்மலை ஒற்றை வீட்டில் எதை வைத்தாலும் ஓடும்.

5. டபிள்யூபிஎஸ்ஸை அணை, டபிள்யூபிஏ2க்குக் கீழே இறங்காதே. பாஸ்வேர்டை வீட்டம்மாவே சொல்லட்டும். உன் நோட்டில் எழுதாதே.

6. சித்திரை, வைகாசி இடி தெரியுமல்லவா? வீட்டுக்கும் தோட்டத்து மோட்டார் ரூமுக்கும் நடுவே செம்பு வயரை மாமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டால், பக்கத்தில் எங்கோ விழும் மின்னலுக்கே இரண்டு முனைப் பெட்டியும் போய்விடலாம். அங்கே பைபர் இழு, முனைக்கொரு கன்வர்ட்டர் வை. பைபரோடு ஒட்டி வரும் இரும்புத் தாங்குகம்பியை மட்டும் வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்து. அதை உள்ளே விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

7. கரண்ட் போனால் பைபர் பெட்டி மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடிப் பயனில்லை, இரண்டாவது பெட்டிக்கும் மினி யுபிஎஸ் சொல். பெரும்பாலும் 12 வோல்ட். அடியில் 9 என்று அச்சடித்திருந்தால் 12ஐச் செருகிவிடாதே.