யூத் ஹாஸ்டலில் மூத்த பயணி



யூத் ஹாஸ்டல் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. ஜெர்மானிய ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மன் 1909-இல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது புயல்மழை பிடித்துக்கொள்ள, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தது. விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிகளில் பிள்ளைகளைத் தங்கவைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. சில ஆண்டுகளில் ஆல்டெனா கோட்டையில் நிலையான விடுதி அமைந்தது. 1932-இல் ஆம்ஸ்டர்டாமில் யூத் ஹாஸ்டல்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவானது.

இன்று அந்தக் கூட்டமைப்பின் விடுதிகள் பொதுவாக வயது பார்ப்பதில்லை. ஜெர்மனியின் பவேரியாவில் மட்டும் 26 வயதைக் கடந்தவர்கள் தனியாகத் தங்க முடியாத நிலை நெடுங்காலம் இருந்து, பிறகு நீங்கியது. ஆனால் தனியார் ஹாஸ்டல்கள் சில, 40 அல்லது 45 வயதுக்கு மேல் இடம் தருவதில்லை. பணம் கட்டுமுன் விதிகளைப் படிப்பது நல்லது.

மூத்தவருக்கு முக்கியமானது கட்டில். அடுக்குக் கட்டிலின் ஏணிப்படி பல இடங்களில் வெறும் இரும்புக் குழாய்தான். வெறுங்காலில் மிதித்தால் உள்ளங்கால் வலிக்கும். ஏறுவதுகூடப் பெரிதல்ல. நடுராத்திரி சிறுநீர் கழிக்க, தூக்கக் கலக்கத்தோடு இருட்டில் இறங்குவதுதான் ஆபத்து. ரயிலில் லோயர் பெர்த் கேட்பதுபோல் கீழ்க்கட்டில் வேண்டுமென்று பதிவுசெய்யும்போதே எழுதிக் கேட்க வேண்டும். கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, தாழ்வாரக் கோடியிலா, லிஃப்ட் உண்டா என்பதையும் அப்போதே விசாரிக்கலாம். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் மாடிப்படிதான்.

பூட்டு, சிறு டார்ச், காதடைப்பான், ஈரத்தில் வழுக்காத செருப்பு ஆகியவை கையோடு இருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பொது ஃப்ரிட்ஜில் யாரோ அதை உறைபெட்டிப் பக்கம் தள்ளிவிட்டு, மருந்து உறைந்துபோனால் அது வீண். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனா பொதுவாகச் சுமார் 4 வாரம் அறை வெப்பத்தில் தாங்கும். வெயில் கடுமையான ஊரில் குளிர்ப்பை தேவைப்படும்.

குறட்டை விடுபவர் தனியறை எடுப்பதே மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை. வாடகை கூடினாலும், பொதுச் சமையலறை அவருக்கும் உண்டு. ஹாஸ்டலின் அருமையே அங்குதான் இருக்கிறது: உப்பைக் கடன் கேட்கப்போய் ஊர்க்கதை பேசும் உறவு, தனி ஹோட்டல் அறையில் கிடைக்காது.

மூத்தவரோடு ஒரே அறையில் தங்கும் இளையவர் செய்யக்கூடியவை எளியவை. கேட்கும்வரை காத்திராமல் கீழ்க்கட்டிலை விட்டுத்தரலாம். பைகளைத் தரையில் பரப்பாமல் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தால், இரவில் எழுபவர் தடுக்கி விழமாட்டார்.