களைப்பைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள்



"காலையிலேயே உடம்பு அசந்து போகுது." "மலை ஏறினா மூச்சு வாங்குது." "எதுலயும் மனசு போக மாட்டேங்குது." நமது லயங்களில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் இல்லை. இதற்கு வீட்டில் கிடைக்கும் பதில் என்ன? "எல்லாம் சோம்பேறித்தனம்" என்பார்கள். சிலர் செய்வினை என்று பூசாரியைத் தேடிப் போவார்கள். சிலர் இரண்டு குளிசையைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போய்விடுவார்கள்.

கிழமைக் கணக்கில் விடாமல் இருக்கும் களைப்புக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் உண்டு. அது இரத்தத்தில் இருக்கலாம், மனதில் இருக்கலாம், இரண்டிலும் சேர்ந்தும் இருக்கலாம். காரணம் தெரிந்தால் வைத்தியமும் உண்டு. இந்த முறை நமது பாடம் இதுதான்.

1. இரத்தம் குறைந்தால் என்ன நடக்கும்?

நாம் இழுக்கும் மூச்சிலுள்ள ஒட்சிசனை உடம்பெல்லாம் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின். அதைச் செய்ய உடம்புக்கு இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் வருவதுதான் இரத்தசோகை. மூளைக்கும் தசைக்கும் போதிய ஒட்சிசன் போகாது. அதனால் களைப்பு, தலைச்சுற்று, நெஞ்சு படபடப்பு, மறதி, எரிச்சல் எல்லாம் வரும். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் வெளுத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். நாக்கும் உள்ளங்கையும் வெளுக்கலாம். சிலருக்குப் பச்சரிசியோ மண்ணோ தின்ன ஆசை வரும். அதைக் கேலி செய்யாதீர்கள், அதுவும் ஓர் அடையாளம்.

இரத்தத்தைச் சோதித்தால் சரியாகத் தெரியும். ஈமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை என்று வைத்தியர்கள் கணக்கெடுக்கிறார்கள்.

2. ஏன் நமது பெண்களுக்கு இது அதிகம் வருகிறது?

கொழுந்து பறிக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, எல்லாருக்கும் ரொட்டி சுட்டுக் கொடுக்கிறாள். தான் அரை ரொட்டியைச் சம்பலோடு தின்று, மேலே ஒரு கோப்பை சாயத்தண்ணி குடித்துவிட்டு மலைக்குப் போகிறாள். பத்து மணிக்குத் தேத்தண்ணி. பகல் சோற்றோடு மறுபடி தேத்தண்ணி. இரவில் கணவனும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியது அவளுக்கு. கருவாட்டுத் துண்டோ முட்டையோ அதற்குள் முடிந்திருக்கும்.

இதிலே மூன்று நட்டம் இருக்கிறது.

முதலாவது, இரும்புச்சத்துள்ள சாப்பாடு குறைவு. மாதவிடாயிலும் பிள்ளைப்பேற்றிலும் இரத்தம் இழப்பவளுக்குத்தான் அது கூடுதலாக வேண்டும். வீட்டிலே அவளுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது.

இரண்டாவது, தேத்தண்ணி குடிக்கும் நேரம். தேத்தண்ணிக்குத் துவர்ப்பைக் கொடுக்கும் பொருட்கள், கீரை, பருப்பு, தானியம் இவற்றிலுள்ள இரும்புச்சத்தைக் குடலில் பிடித்துக்கொள்ளும். உடம்புக்குள் சேர விடாது. பால் ஊற்றினாலும் இது மாறாது. கோப்பியும் இப்படித்தான். தேயிலைதான் நமக்குச் சோறு போடுகிறது, அதைக் குடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டோடு குடிக்காமல், சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது.

மூன்றாவது, கொக்கிப்புழு. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் இந்தப் புழுவின் குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் தங்கி இரத்தம் குடிக்கும். மலையிலும் லயத்தைச் சுற்றியும் செருப்போ பூட்ஸோ போடுங்கள். பிள்ளைகளையும் மலசலகூடத்துக்கே பழக்குங்கள். புழு மருந்தைக் கிளினிக்கில் கேட்டு எடுங்கள். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதத்தில் தாங்களாகக் கடையில் வாங்கிக் குடிக்கக் கூடாது.

3. என்ன சாப்பிடலாம்?

விலை கூடிய சாமான் தேவையில்லை. நெத்தலி, கருவாடு, முட்டை, முடிந்தபோது கொஞ்சம் ஈரல். பயறு, கௌபி, கடலை, பருப்பு. லயத்தோரத்துத் தோட்டத்தில் பொன்னாங்காணி, வல்லாரை. இவற்றோடு புளிப்பான ஏதாவது சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். கீரைச் சுண்டலை இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். கொய்யாப்பழமும் நெல்லிக்காயும் அதே வேலையைச் செய்யும். கிளினிக்கில் தரும் திரிபோஷா கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் உரியது. அதை வீடு முழுவதும் பங்கு போட்டால் உரியவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

இரும்புச்சத்துக் குளிசை எடுத்தால் மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் குளிசையைத் தூக்கி எறியாமல், இரவு படுக்கும்போது எடுத்துப் பாருங்கள். கல்சியம் குளிசையை அதே நேரத்தில் விழுங்காதீர்கள், தேத்தண்ணியோடும் விழுங்காதீர்கள். இரத்தம் கூடிய பிறகும் டொக்டர் சொல்லும் வரைக்கும் நிறுத்தக் கூடாது. சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துப் பிள்ளை நிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

4. மனமும் களைத்துப் போகும்

சிலருக்கு இரத்தம் நன்றாக இருக்கும், ஆனாலும் எழும்ப முடியாது. இரண்டு கிழமைக்கு மேலாக, அநேகமாக ஒவ்வொரு நாளும் மனம் சோர்ந்து இருத்தல், முன்பு பிடித்தது எதிலும் ஆசையில்லாமை, தூக்கமும் பசியும் கெடுதல், "நான் எதுக்கும் உதவாதவள்" என்ற நினைப்பு, சாகலாம் என்ற எண்ணம். இவை மனச்சோர்வு என்னும் நோயின் அடையாளங்கள். பிள்ளை பெற்ற தாய்க்கும் வரும். ஆண்களுக்கும் வரும். ஆண்கள் பலர் அதைச் சொல்லாமல் கோபமாகக் காட்டுவார்கள், அல்லது சாராயத்தில் மறைப்பார்கள். சாராயம் தூக்கத்தைக் கெடுத்துச் சோர்வைக் கூட்டும்.

கடன், சண்டை, பிள்ளையைப் பிரிந்திருப்பது எல்லாம் மனதை அழுத்தும். உடம்பில் இரத்தம் குறைந்திருந்தால் அதே பாரம் இரண்டு மடங்காகத் தெரியும். மனம் சோர்ந்தவர் ஒழுங்காகச் சாப்பிடமாட்டார், அதனால் உடம்பும் போகும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்த நோய்க்கு ஆறுதல் பேச்சும் மருந்தும் உண்டு. மருந்து வேலை செய்யச் சில கிழமை எடுக்கும், இடையில் விட்டுவிடாதீர்கள். பக்கத்துக் காம்பராவில் ஒருவர் ஒதுங்கியே இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள்: "அக்கா, சாகணும்னு ஏதும் நினைப்பு வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனதிலிருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும். அப்படிச் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். களைநாசினி, பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். பொலிஸுக்குப் பயந்து மறைக்க வேண்டாம், தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொள்ளும் சட்டம் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசலாம்.

5. இந்தக் கிழமை வீட்டில் செய்ய வேண்டியவை

• ஒவ்வொருவரும் கண் இமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளுத்திருந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ குடும்பநல மாதுவிடமோ சொல்லி இரத்தம் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். நீரிழிவு, தைரொயிட் போன்றவையும் களைப்பைத் தரும், அவற்றையும் அங்கே கேளுங்கள்.
• சாப்பாட்டோடு தண்ணீர், ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி.
• எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அம்மாவுக்கும் கருவாட்டில் ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.
• தண்ணீர் பிடிப்பதையும் விறகு கொண்டுவருவதையும் அண்ணன்மாரும் அப்பாமாரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு அரை மணித்தியாலம் கூடுதலாகத் தூங்கக் கிடைக்கும்.
• சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வீட்டில் பேசிப் பார்க்க:
(அ) நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அவருக்கு என்ன மிஞ்சுகிறது?
(ஆ) கடந்த மாதத்தில் யாரையாவது சோம்பேறி என்று திட்டினோமா? அவருக்கு உடம்பும் மனமும் எப்படி இருக்கிறது என்று கேட்டோமா?

வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் அக்காமாருக்கும் இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.