எல்லாரையும் ‘கைதி’ என்று எழுதலாமா?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி, சேலத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவள். பிரிசனர், இன்மேட், கன்விக்ட், அண்டர்ட்ரயல், டெடினியூ என்று எதைத் தேடினாலும் அகராதியில் ‘கைதி’ என்றே வருகிறது. போன வாரம் ஒரு மனுவில் ‘பரோல்’ என்று எழுதினேன். சார் அதை அடித்துவிட்டு ‘லீவ்’ என்று போட்டார். இன்னொரு சந்தேகம்: 1950-இல் சேலம் ஜெயிலில் நடந்ததை ஒரு ஆங்கிலக் கட்டுரை ‘ரயட்’ என்கிறது, மற்றொன்று ‘ஃபயரிங்’ என்கிறது. எது சரி?
— செ. வா., ஏற்காடு

பதில்: ஆளைப் பார்த்து இந்தச் சொற்களைப் பிரிக்க முடியாது. அவர் எந்தக் காகிதத்தின் பேரில் உள்ளே இருக்கிறார் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தீர்ப்பு வந்து, தண்டனை வாரண்டுடன் உள்ளே போனவர் கன்விக்ட், தண்டனைக் கைதி. வழக்கு இன்னும் முடியாமல் மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் உத்தரவில் இருப்பவர் அண்டர்ட்ரயல், விசாரணைக் கைதி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் இவர்கள்தான். சட்டத்தின் கண்ணில் இன்னும் குற்றவாளி ஆகாதவர்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு இவர்களுக்காகவே இருக்கிறது. குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக்காலம் உள்ளே கழிந்திருந்தால் ஜாமீன் கேட்கலாம். முதல்முறை சிக்கியவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது. இந்த மனுவில் ‘கன்விக்ட்’ என்று ஒரு இடத்தில் விழுந்தால்கூட கேட்பதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

டெடினியூ மூன்றாவது ரகம். இவரை உள்ளே வைத்திருப்பது கோர்ட் உத்தரவு அல்ல. கலெக்டரோ மாநகர போலீஸ் கமிஷனரோ போட்ட தடுப்புக் காவல் உத்தரவு. நம் ஊரில் பெரும்பாலும் அது 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம், அதாவது குண்டர் சட்டம். 12 மாதம் வரை வைத்திருக்கலாம். இதை எதிர்த்து ஜாமீன் மனு போட்டுப் பயனில்லை. அறிவுரைக் கழகத்தில் முறையிட வேண்டும், அல்லது ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். ஒரே ஆள் அண்டர்ட்ரயலாகவும் டெடினியூவாகவும் இருப்பது உண்டு. வழக்கில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வரவில்லையே என்று வீட்டார் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பது இதனால்தான்.

பிரிசனர் என்பது 1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டம் எல்லாருக்கும் சேர்த்துப் போட்ட பொதுப் பெயர். இன்மேட் மரியாதைக்கு வந்த சொல். ஹாஸ்டலில் இருப்பவரும் முதியோர் இல்லத்தில் இருப்பவரும்கூட இன்மேட்தான். ‘சிறைவாசி’ என்று இப்போது அரசுக் கடிதங்களில் வருவது அதன் தமிழ். மேடையில் பேச நல்ல சொல். மனுவில் அது எதையும் சொல்லாது.

உங்கள் சார் ‘பரோல்’ என்பதை அடித்தது சரியே. பத்திரிகைகள் பரோல் என்று எழுதினாலும், தமிழ்நாட்டில் இதை ஆள்வது 1982-ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். அவற்றில் இருப்பவை அவசரகால விடுப்பு, சாதாரண விடுப்பு என்ற இரண்டு. வீட்டில் சாவு, கடும் நோய், கல்யாணம் என்றால் முதலாவது. இரண்டுமே தண்டனைக் கைதிக்கு மட்டும்தான். விசாரணைக் கைதியின் அம்மா இறந்துபோனால், லீவ் கேட்டு ஜெயிலுக்கு எழுதாதீர்கள். இடைக்கால ஜாமீன் கேட்டு கோர்ட்டுக்குப் போங்கள்.

ஜெயில் ஆங்கிலத்தில் வழுக்கிவிடும் சொற்கள் இரண்டு. ‘இன்டர்வியூ’ என்றால் அங்கே வேலைக்கான நேர்காணல் அல்ல, வீட்டார் வந்து பார்ப்பது. ஜனங்கள் ‘மனு போட்டுப் பார்த்தோம்’ என்பார்களே, அது. ‘லாக்கப்’ போலீஸ் ஸ்டேஷனில் ஒரு அறை. ஜெயிலில் சாயங்காலம் எண்ணிக்கை எடுத்து அடைக்கும் வேலை.

இனி ரயட். சட்டத்தில் இதற்குத் தலைக்கணக்கு உண்டு. பொது நோக்கத்தோடு ஐந்து பேராவது கூடியிருந்தால்தான் சட்டவிரோதக் கூட்டம். அந்தக் கூட்டம் வன்முறையில் இறங்கினால்தான் ரயட். பொது இடத்தில் இரண்டு பேர் அடித்துக்கொண்டு அமைதியைக் கெடுத்தால் அது அஃப்ரே. கூட்டத்தைக் கலையச் சொல்லும் அதிகாரம் எக்ஸிக்யூட்டிவ் மாஜிஸ்திரேட்டுக்கும் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கும் உண்டு. பொறுப்பு அதிகாரி இல்லாதபோது எஸ்.ஐ.க்குக் குறையாத போலீஸ் அதிகாரி சொல்லலாம். சொல்லியும் கலையாவிட்டாலோ, கலையப்போவதில்லை என்பது நடத்தையிலேயே தெரிந்தாலோதான் பலப்பிரயோகம். ‘மைல்டு லத்திசார்ஜ்’ என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. ‘மைல்டு’ போலீஸ் செய்திக்குறிப்பில் ஒட்டிக்கொண்ட அடைமொழி. நீங்கள் ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் உள்ள காயங்களை அப்படியே எழுதுங்கள். மைல்டா இல்லையா என்பது ஜட்ஜுக்கே புரியும்.

1950 பிப்ரவரி 11. அரசியல் சாசனம் அமலுக்கு வந்து 16 நாள்தான் ஆகியிருந்தது. நீங்கள் மலையிறங்கி வரும் அதே சேலத்தின் மத்தியச் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மலபாரிலிருந்து வந்தவர்கள். எங்களை அரசியல் கைதிகளாக நடத்துங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. இதை ‘ரயட்’ என்று மட்டும் எழுதினால் கைதிகள் செய்ததாகச் சொல்லப்படுவது மட்டுமே வாசகருக்குத் தெரியும். 22 பேர் எப்படிச் செத்தார்கள் என்பது மறைந்துபோகும். அதனால் ‘ஃபயரிங்’ என்பதே என் தேர்வு. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 1999 நவம்பரில் சென்னை மத்தியச் சிறையில் கைதிகள் துணை ஜெயிலர் ஒருவரை எரித்துக் கொன்றார்கள்; போலீஸ் சுட்டதில் கைதிகள் பலர் இறந்தார்கள். அங்கே ரயட்டும் நடந்தது, ஃபயரிங்கும் நடந்தது. இரண்டு சொல்லையும் எழுத வேண்டும். ‘ஷாட்ஸ் வேர் ஃபயர்டு’ என்று சுட்டவர் யாரென்றே சொல்லாத வாக்கியம் கண்ணில் பட்டால், சுட்டது யார், உத்தரவு யாருடையது என்று தேடிப் பிடித்துச் சேர்த்து எழுதுங்கள்.

சாரிடம் கேட்டு விடுப்பு விதிகளின் பிரதி ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். குண்டர் சட்டமும் அதே 1982-தான். அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைப் பிரித்துவிடாதீர்கள்.