144இல் ஒரு பங்கு: விமான மாதிரி வழியே ஓர் அளவைப் பாடம்

புதுக்கோட்டை மாவட்டப் பிள்ளைகளுக்கு விமானம் தூரத்துப் பொருளன்று. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ வேலைக்குச் செல்லும் அப்பாவை, மாமாவை வழியனுப்ப அங்கே போய்வந்த பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் உண்டு. ஆனால் பெரும்பாலோர் நுழைவாயிலோடு திரும்பியவர்கள். "விமானம் எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று கேட்டால், "ரெண்டு பஸ் நீளம் சார்" என்பதில் தொடங்கி "நம்ம ஸ்கூல் நீளம்" என்பது வரை பதில் வரும். "அவ்வளவு கனம் எப்படி சார் மேல போகுது?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

இவ்விரண்டுக்கும் விடை தேடவே எட்டாம் வகுப்பில் விமான மாதிரி கட்டும் செயல்பாட்டை நடத்துகிறேன். மாதிரியைக் கண்காட்சி மேசையில் வைக்கும் அழகுப் பொருளாக விட்டுவிடாமல், அளக்கும் கருவியாகக் கையாண்டால் கணக்கும் அறிவியலும் அதில் சேர்ந்து வரும்.

அளவுத்திட்டம்

ரெவெல், ஸ்வெஸ்தா போன்ற நிறுவனங்கள் பயணிகள் விமானங்களின் பிளாஸ்டிக் கிட்களைப் பெரும்பாலும் 1/144 அளவில் தயாரிக்கின்றன. 144 என்பது 12 × 12. எனவே உண்மையில் 12 அடி இருப்பது மாதிரியில் 1 அங்குலம். 144 செ.மீ. உயரமுள்ள மாணவி சரியாக 1 செ.மீ. ஆகிவிடுவார். வகுப்பில் ஒவ்வொருவரும் தம் உயரத்தை அளந்து, 144ஆல் வகுத்து, அந்த உயரத்தில் ஓர் அட்டை மனிதரை வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அளவுத்திட்டம் மனத்தில் பதிய இதைவிட எளிய வழி இல்லை.

அடுத்து விமானம். திருச்சிக்கு வந்துபோகும் போயிங் 737-800 வகையின் நீளம் 39.5 மீ., இறக்கை நுனிகளுக்கு இடையே 35.8 மீ., வால் உச்சி வரை உயரம் 12.5 மீ. மாணவர்கள் வகுத்தால் முறையே 27.4, 24.9, 8.7 செ.மீ. கிடைக்கும். சுமார் 2,480 மீ. நீளமுள்ள திருச்சி ஓடுபாதை, பள்ளி மைதானத்தில் 17.2 மீ. நீளச் சுண்ணாம்புக் கோடாகிவிடும். அட்டை மனிதரையும் மாதிரியையும் அந்தக் கோட்டில் வைத்துப் பார்த்தால், நீளம் பற்றிய கேள்விக்கு விடை கண்ணெதிரே நிற்கும்.

எடை எப்படிச் சுருங்குகிறது?

எரிபொருள், பயணிகள் எல்லாம் சேர்ந்து இவ்விமானம் கிளம்பக்கூடிய அதிகபட்ச எடை சுமார் 79 டன். "மாதிரி எவ்வளவு எடை இருக்க வேண்டும்?" என்று கேட்டால் மாணவர்கள் உடனே 144ஆல் வகுப்பார்கள், அரை டன்னுக்கு மேல் விடை வரும். கையடக்கப் பொருள் அரை டன்னா என்று அவர்களே சிரிப்பார்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. நீளம் 144 மடங்கு குறைந்தால், பரப்பு 144 × 144 = 20,736 மடங்கும், கன அளவு 144 × 144 × 144 = 29,85,984 மடங்கும் குறையும். எடை கன அளவோடு போவதால், 79 டன் சுமார் 26 கிராம் ஆகிறது. ஒரு கோழிமுட்டையில் பாதி!

இறக்கையின் பரப்பு சுமார் 125 ச.மீ.; மாதிரியில் 60 ச.செ.மீ. இறக்கையை வரைபடத்தாளில் வைத்து வரைந்து, கட்டங்களை எண்ணிச் சரிபார்க்கலாம். உடலுக்குள் மறையும் பகுதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இறக்கையின் 1 ச.மீ. பரப்பு தாங்கும் சுமை, சுருக்கிய விமானத்தில் இருப்பதைவிட உண்மை விமானத்தில் 144 மடங்கு அதிகம். இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 144இன் வர்க்கமூலம் 12. ஆகவே உண்மை விமானத்துக்கு 12 மடங்கு வேகம் தேவை. முழுச் சுமையோடு அது மணிக்கு ஏறத்தாழ 280 கி.மீ. வேகத்தில் எழும்புகிறது; 26 கிராம் விமானத்துக்குச் சைக்கிள் வேகம் போதும். சிறிய இறக்கையில் காற்றின் போக்கு சற்று மாறும் என்றாலும் கணக்கு காட்டும் திசை சரியே. கனமான விமானம் எப்படி மேலே போகிறது, ஓடுபாதை ஏன் அவ்வளவு நீளம் என்ற இரு கேள்விகளும் இங்கே ஒன்றாகின்றன.

டீக்கால் ஒட்டும் வேளை

சன்னல் வரிசை, கதவுக் கோடுகள், நிறுவனப் பெயர், பதிவு எழுத்துகள் ஆகியவை கிட்டில் நீரில் நழுவும் டீக்கால்களாக வரும். சாதாரண ஸ்டிக்கர் ஏன் கூடாது? 0.1 மி.மீ. தடிமனுள்ள ஸ்டிக்கர், உண்மை விமானத்தில் 1.4 செ.மீ. தடிமனான பலகை ஒட்டியதற்குச் சமம். அதனால்தான் மிக மெல்லிய படலம் தேவைப்படுகிறது.

டீக்கால் தாளில் நீரில் கரையும் பசை, அதன்மேல் அச்சிட்ட படலம் என இரண்டு அடுக்குகள் இருக்கும். தேவையான துண்டை வெட்டி, வெதுவெதுப்பான நீரில் 20 விநாடி முக்கி எடுத்து, ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒட்டும் இடத்தையும் நீரால் ஈரமாக்கி, தூரிகையால் படலத்தைத் தாளிலிருந்து நழுவவிட வேண்டும். அடியிலுள்ள நீர்ப்படலம் இருக்கும்வரை அதை நகர்த்திச் சரிசெய்யலாம். பிறகு பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒற்றினால் நீர் வெளியேறிப் படலம் படியும். பரப்பு சொரசொரப்பாக இருந்தால் காற்று அடியில் சிக்கி வெள்ளிபோல் மினுங்கும். எனவே முன்னதாகவே பளபளப்பு வார்னிஷ் பூச வேண்டும். கரைதல், பரப்பு இழுவிசை, துணி நீரை உறிஞ்சும் நுண்புழைக் கவர்ச்சி, ஆவியாதல் என நான்கு கருத்துகள் பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

இரண்டு வினாக்களை நான் தவறாமல் கேட்பேன். ஒன்று: சன்னல் வரிசை 1 மி.மீ. விலகினால் உண்மை விமானத்தில் எவ்வளவு? 14.4 செ.மீ. இதை அறிந்த குழு பென்சில் கோடு போடாமல் டீக்காலைத் தொடாது. மற்றொன்று: பபிள்கம்மோடு வரும் டாட்டூவில் எழுத்து ஏன் தலைகீழ்ப் பிம்பமாக இருக்கிறது, டீக்காலில் ஏன் நேராக இருக்கிறது? டாட்டூவைக் கவிழ்த்து ஒட்டுகிறோம், டீக்காலை நிமிர்த்தி நழுவவிடுகிறோம் என்பதை அவர்களே கண்டு சொல்வார்கள்.

கிட் இல்லாத பள்ளியில்

கிட் விலை அதிகம். அது கட்டாயமும் இல்லை. விமான உடலின் அகலம் 3.76 மீ., மாதிரியில் 2.6 செ.மீ. ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. 2.6 செ.மீ. விட்டமுள்ள குழாயாக அதை நீளவாக்கில் சுருட்டி, 27.4 செ.மீ.க்கு வெட்டினால் உடல் தயார். இறக்கைக்கும் வாலுக்கும் சார்ட் அட்டை போதும். எழுத்துகளைச் ஜெராக்ஸ் எடுத்து, அதன்மேல் அகலமான ஒளிபுகும் டேப்பை ஒட்டி, நீரில் ஊறவைத்துப் பின்பக்கத் தாளை விரலால் தேய்த்து அகற்றினால், கறுப்பு எழுத்து டேப்பில் தங்கும். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமான வால்களில் காஞ்சிபுரம், பாந்தினி போன்ற துணி வடிவங்கள் இடம்பெறுவதைச் சொல்லி, நம் வாலுக்குச் சித்தன்னவாசல் தாமரையையோ குளமங்கலம் அய்யனார் குதிரையையோ வரையச் செய்யலாம். கிட் பயன்படுத்தினால் கத்தியையும் கரைப்பான் பசையையும் ஆசிரியரே கையாள வேண்டும், சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

மதிப்பீடு

ஒரே ஒரு கேள்வி போதும்: இதே விமானத்தை 1/72 அளவில் கட்டினால் நீளமும் எடையும் என்ன? நீளம் இரு மடங்காகி 54.8 செ.மீ. ஆகும். எடை எட்டு மடங்காகி 212 கிராமை எட்டும். எடையையும் இரு மடங்கு என்று எழுதும் மாணவருக்கு நான்கு தீப்பெட்டிகளை நீளம், அகலம் இரண்டிலும் இரட்டிப்பாக அடுக்கச் சொல்லுங்கள். அதன்மேல் இன்னும் நான்கை வைத்து உயரத்தையும் இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள். எட்டுப் பெட்டிகளை எண்ணி முடிக்கும்போது விடை அவர் கையில் இருக்கும்.